கருவி யார் கையில்?

தென்மாவட்டப் பள்ளிகளில் மாணவர்கள் மணிக்கட்டில் கட்டிவரும் வண்ணக் கயிறுகளைப் பற்றிச் சில ஆண்டுகளாகவே பேச்சு அடிபட்டு வருகிறது. இன்ன வண்ணம் இன்ன சாதிக்குரியது என்பதை ஆசிரியர்கள் அறிவதற்கு முன்பே பிள்ளைகள் அறிந்து வைத்திருக்கின்றனர். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில், பட்டியல் வகுப்பைச் சேர்ந்த மாணவன் ஒருவனை அவனுடைய வீட்டுக்குள்ளேயே புகுந்து உடன் பயின்ற மாணவர்கள் அரிவாளால் வெட்டினர். தடுக்க ஓடிவந்த தங்கையும் வெட்டுண்டாள். அதன்பின் தமிழக அரசு ஓய்வுபெற்ற நீதிபதி சந்துருவைக் கொண்டு ஒருநபர் குழு அமைத்தது. 2024 ஜூனில் அக்குழு அளித்த அறிக்கை, கயிறு, மோதிரம், நெற்றிக் குறி ஆகிய சாதி அடையாளங்களைப் பள்ளிகளில் தடுக்க வேண்டும் என்றும், பள்ளிகளின் பெயர்ப் பலகையிலிருந்து சாதிப் பெயர்களை அகற்ற வேண்டும் என்றும் பரிந்துரைத்தது.

நல்ல பரிந்துரைகள்தாம். ஆனால் அந்தக் கயிற்றைச் சற்று உற்று நோக்க வேண்டும். நூலும் சாயமும் சேர்ந்த அற்பப் பொருள் அன்று அது. ஒரு பதினைந்து வயதுப் பிள்ளைக்கு, 'நீ இன்னார் மகன், உனக்குப் பின்னால் இத்தனை பேர் இருக்கின்றனர்' என்று ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்கும் ஒரு சின்னம். அதனோடு சேர்ந்தே வருகின்றன குருபூசைச் சுவரொட்டிகள், ஒலிபெருக்கிப் பாட்டுகள், கைப்பேசியில் சுற்றும் அரை நிமிடக் காணொளிகள், சட்டையில் அச்சிட்ட தலைவர் முகங்கள். வண்ணமும் இசையும் படமும் வீரக் கதையும் கொண்டு இளைஞரைக் கவர்வது எப்படி என்பதைச் சாதிச் செருக்கு நெடுநாள் முன்பே கற்றுக்கொண்டுவிட்டது. எனவே, சமநீதியின் பக்கம் இளைஞரை அழைக்கப் பாட்டையும் பறையையும் படப்பெட்டியையும் கையிலெடுத்திருப்போர் வெற்றுக் களத்தில் இறங்கவில்லை. எதிரி முன்பே கொட்டகை போட்டு அமர்ந்திருக்கும் களத்தில் இறங்கியிருக்கின்றனர்.

இவர்களைப் பாராட்டி எழுதுவோர் பலருண்டு. 'நல்ல நோக்கம்' என்று கூறி மாலையிட்டு அனுப்பிவிடுவது நமக்கு எளிது. ஆனால் கலை என்று வந்தபின் கலைக்குரிய அளவுகோலால் அளப்பதே அவர்களுக்குச் செய்யும் மரியாதை. அந்த அளவுகோல் எது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

அமெரிக்காவில் இனநீதி என்று பேசப்படுவது நம் நாட்டில் பெரும்பாலும் சாதி பற்றிய பேச்சாகவே அமையும். இந்த உறவு புதிதன்று. 1972இல் பம்பாயில் தலித் சிறுத்தைகள் இயக்கத்தைத் தொடங்கிய இளம் எழுத்தாளர்கள் அமெரிக்கக் கறுப்பினத்தாரின் கருஞ்சிறுத்தைகள் இயக்கத்தைப் பார்த்தே அப்பெயரைச் சூட்டினர். 2020 மே மாதம் மினியாபொலிஸ் நகரில் ஜார்ஜ் ஃபிளாய்டு போலீஸ்காரனின் முழங்காலடியில் மூச்சடைத்து மாண்டபோது, அந்நாட்டு நகரங்களின் சுவர்களில் அவர் முகத்தை வரைந்த இளைஞர்கள் பலர். வரையக் கற்றுக்கொடுப்பதையே தொண்டாகக் கொண்ட பயிற்றுநர்கள் அவர்கள் பின்னால் நின்றனர். நம்மிடையே அத்தகைய பயிற்றுநர்கள் இல்லையா? இருக்கின்றனர், நாம் எண்ணுவதற்கு மிக அருகிலேயே.

முதலில் ஒரு பாட்டு. 'மனுசங்கடா' என்று தொடங்கும் அப்பாட்டை அறியாத தமிழ் இளைஞர் குறைவு. 1968 டிசம்பர் 25ஆம் நாள் கீழ்வெண்மணியில் 44 ஏழை உழவர் குடும்பத்தினர் ஒரே குடிசைக்குள் வைத்துக் கொளுத்தப்பட்ட கொடுமையின் நினைவோடு மேடைதோறும் அது பாடப்பட்டு வந்திருக்கிறது. எழுதியவர் இன்குலாப், கீழக்கரையில் 1944இல் சாகுல் ஹமீது என்ற பெயரோடு பிறந்து, சென்னைப் புதுக் கல்லூரியில் தமிழ் பயிற்றிய பேராசிரியர். பட்டிதொட்டியெங்கும் பாடிப் பரப்பியவர் கே. ஏ. குணசேகரன், சிவகங்கைச் சீமையின் மாரந்தையில் ஒரு தாழ்த்தப்பட்ட குடும்பத்தில் 1955இல் பிறந்து, புதுவைப் பல்கலைக்கழகத்தில் நாடகப் பேராசிரியராக உயர்ந்தவர். இருவருமே 2016ஆம் ஆண்டில் மறைந்தனர்.

இன்குலாபின் பெயரைக் கேட்டதும் நம் வீடுகளில் சிலர் முகம் சுளிப்பதை அறிவேன். இறைநம்பிக்கை பற்றிய அவருடைய நிலைப்பாடு எனக்கும் உடன்பாடானதன்று. மதரஸாவில் ஓதி வளர்ந்தவனுக்கு எப்படி உடன்பாடாகும்? ஆயினும் ஒன்று கேட்கிறேன். கீழக்கரையில் பிறந்த ஒருவர் எழுதிய சொல்லைச் சேரியில் பிறந்த ஒருவர் தம் குரலில் ஏற்றுப் பாடியபோது, அந்தப் பாட்டு யாருடையதாயிற்று? பிறரைப் பற்றி இரங்கிப் பாடும் பாட்டாக அது அமைந்திருந்தால் கவிஞரின் நூலோடு நின்றிருக்கும். 'நாங்கள்' என்று பாடுவோர் தம்மையே கூறிக்கொள்ளும் பாட்டாக அமைந்ததால், அடிபட்டவரின் வாய்க்கு அது பொருந்திற்று. எழுதியவர் தம்மை மறைத்துக்கொள்ளத் தெரிந்தவராக இருந்தார். பிறருக்காக எழுதுவோர்க்கு வாய்க்க அரிதான குணம் இது.

குணசேகரன் 2005இல் வெளியிட்ட 'வடு' என்னும் தன்வரலாற்றை நம் வீட்டு இளைஞர்கள் கட்டாயம் படிக்க வேண்டும். இளையான்குடிப் பகுதியில் வளர்ந்த அவர், சுற்றுச் சிற்றூர்களில் பட்ட இழிவுகளையும், இளையான்குடி முஸ்லிம்களிடையே அவ்விழிவு இல்லாதிருந்ததையும் ஒருங்கே பதிவு செய்திருக்கிறார். நமக்கு மகிழ்ச்சி தரும் சாட்சியம்தான். அதைக் காட்டி மார்தட்டும் தகுதி நமக்கு எவ்வளவு உண்டு என்பதைப் பின்னர்க் காண்போம்.

பாட்டை விடக் கடினமானது பறை. இசை பற்றி மார்க்க அறிஞர்களிடையே உள்ள கருத்து வேறுபாட்டை இங்கே விரிக்கப் போவதில்லை. பக்கீர்சாக்கள் தாயிரா கொட்டிப் பாடி வருவதை நம் பாட்டிமார் வாசலில் நின்று கேட்டு அரிசியும் காசும் இட்டதுண்டு. தாயிராவும் பறையும் வட்டச் சட்டத்தில் தோல் கட்டிய கருவிகளே. ஒன்றைக் கொட்டியவரை 'பாவா' என்று மரியாதையோடு அழைத்தோம். மற்றதைக் கொட்டியவரைத் தெருவின் ஓரத்திலேயே நிறுத்தினார்கள். தோலில் தீட்டு இருந்திருந்தால் இரண்டிலும் இருந்திருக்க வேண்டுமே!

சாவு வீட்டில் கொட்டும்படி கட்டாயப்படுத்தப்பட்ட காரணத்தால், பறையை வெறுத்துக் கீழே போட்டுவிட வேண்டும் என்று கருதிய தலைவர்களும் அச்சமூகத்தில் உண்டு. அவ்வெறுப்பு நியாயமானதே. 1990இல் திண்டுக்கல்லில் கத்தோலிக்கத் துறவி சகோதரி சந்திரா தொடங்கிய சக்தி கலைக்குழு இதற்கு நேர்மாறான வழியை மேற்கொண்டது. ஆண்கள் மட்டுமே, அதுவும் பிறர் ஏவலுக்காகவே கொட்டி வந்த கருவியைத் தாழ்த்தப்பட்ட வகுப்பு இளம்பெண்களின் கையில் கொடுத்து, அவர்கள் விருப்பத்தின்பேரில், அவர்கள் தேர்ந்த மேடையில் கொட்ட வைத்தது. இதில் நான் காணும் சிறப்பு யாதெனில், அங்கே உரையாற்றும் வேலை குறைவு. உடம்பு செய்யும் வேலை மிகுதி. தலைகுனிந்து நடக்கப் பழக்கப்பட்ட ஒரு பெண் நிமிர்ந்து, கால் அகற்றி வைத்து, தோளில் பறையை மாட்டி, எதிரே நிற்பவரை நேர் நோக்கி அடிக்க வேண்டும். தலை குனிந்தபடியே பறை ஆடுதல் இயலாது. நூறு சொற்பொழிவு கற்பிக்காத பாடத்தை அந்த நிற்கும் முறை கற்பித்துவிடுகிறது.

பறைக்கு இன்று மதிப்பு வந்துவிட்டது. மதுரை மாவட்டத்துப் பறையிசை ஆசான் வேலு அவர்களுக்கு 2025இல் பத்மஸ்ரீ விருது அளிக்கப்பட்டது. கடல் கடந்த தமிழரின் பிள்ளைகளும் விழாக்களில் பறை அடிக்கின்றனர். மகிழத்தக்கதே, எனினும் எனக்கு ஓர் ஐயம் உண்டு. 'பறை ஆதித் தமிழர் இசை' என்று பொதுவாகச் சொல்லிக் கொடுக்கப்படும்போது, அதை அடித்தவர் யார், அடிக்க மறுத்தபோது அவர் பட்ட பாடு என்ன என்ற செய்தி மெல்ல நழுவிவிடுகிறது. கருவி கௌரவம் பெற்று, அதைச் சுமந்தவன் அதே இடத்தில் நிற்பானாயின், அதை நீதி என்று எப்படிச் சொல்வது? பயிற்றுநர்கள் தாளத்தோடு வரலாற்றையும் கற்பிக்கின்றனரா என்பதைப் பெற்றோர் கேட்டறிய வேண்டும்.

நகரத்துப் பிள்ளைகள் பெரிதும் விரும்புவது 'காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' என்னும் குழு. திரைப்பட இயக்குநர் பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் தென்மாவும் சேர்ந்து உருவாக்கிய இக்குழு, 2018 ஜனவரி 6ஆம் நாள் சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் முதன்முறை மேடையேறியது. அயோத்திதாசப் பண்டிதர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் கையாண்ட 'சாதிபேதமற்ற தமிழர்' என்ற கருத்திலிருந்து குழு தன் பெயரைக் கொண்டது. வடசென்னைக் கானாவும் பறையும் அமெரிக்கக் கறுப்பின இளைஞரின் ராப் பாட்டும் கலந்த இசை அது. இக்குழுவின் பாடகி இசைவாணி 2020இல் பி.பி.சி. தேர்ந்த உலகின் 100 பெண்களுள் ஒருவரானார்.

இக்குழுவின் பாட்டுகள் சிலவற்றைக் கேட்டேன். கானா என்பது மரண வீட்டிலும் குடிசைத் தெருவிலும் பிறந்த பாட்டு; அதைக் கூச்சமின்றிப் பெரிய மேடைக்குக் கொணர்ந்தது இவர்கள் செய்த நற்பணி. இட ஒதுக்கீட்டைப் பற்றிய பாட்டில், பள்ளிப் பாடநூல் செய்யத் தவறியதைச் செய்திருக்கின்றனர். ஆனால் சில இடங்களில் பாட்டு வாதமாகிவிடுகிறது. கேட்பவன் முன்பே ஒப்புக்கொண்ட செய்தியை உரத்த குரலில் மீண்டும் சொல்கிறது. கைதட்டுவோர் எல்லாம் நம்மவரே என்ற நிலையில் எழும் ஆரவாரம் பாடுவோர்க்கு ஊக்கம் தரலாம். ஆனால் கயிறு கட்டிய பையன் அந்தக் கூட்டத்தில் இல்லை. அவன் கைப்பேசியில் ஒலிப்பது வேறு பாட்டு. இது இக்குழுவுக்கு மட்டும் உரிய குறை அன்று. கலை மூலம் நீதி புகட்டும் முயற்சிகளில் பெரும்பாலானவை சறுக்கும் இடம் இதுவே.

இனி, எனக்கு மிகவும் நிறைவளித்த முயற்சிக்கு வருகிறேன். மதுரை அலங்காநல்லூருக்கு அருகிலுள்ள சிற்றூரில், மீன் விற்றுக் குடும்பம் காத்த தாயின் மகனாகப் பிறந்தவர் எம். பழனிக்குமார். கடன்பட்டு வாங்கிய படப்பெட்டியோடு தொடங்கியவர். கையால் மலம் அள்ளும் தொழிலாளர் பற்றித் திவ்யபாரதி 2017இல் வெளியிட்ட 'கக்கூஸ்' ஆவணப்படத்துக்கு ஒளிப்பதிவு செய்தார். பின்னர் சாய்நாத் நிறுவிய ஊரக இந்திய மக்கள் ஆவணக் காப்பகமாகிய 'பாரி'யில் புகைப்படக்காரராகச் சேர்ந்து, 2022இல் தயாநிதா சிங் பெயரிலான ஆவணப் புகைப்பட விருதின் முதல் விருதாளரானார்.

இவருடைய படங்களைப் பற்றித் தனியே எழுதலாம். நான் இங்கே கருதுவது அவர் பிள்ளைகளுக்குப் படமெடுக்கக் கற்பித்ததையே. தூய்மைப் பணியாளர் வீட்டுப் பிள்ளைகளுக்கும் வடசென்னைப் பிள்ளைகளுக்கும் அவர் படப்பெட்டியைக் கையில் கொடுத்தார். வடசென்னைப் பிள்ளைகள் எடுத்த படங்கள் 2023இல் காட்சியாக வைக்கப்பட்டன. திரைப்படம் வடசென்னையை எவ்வாறு காட்டிப் பழகிவிட்டது என்பதை எல்லோரும் அறிவோம்: கத்தி, சாக்கடை, ரவுடி. அங்கே பிறந்த பிள்ளை தன் வீட்டைப் படமெடுக்கும்போது எங்கே நிற்கிறது? வீட்டுக்குள்ளே நிற்கிறது. வெளியிலிருந்து வந்தவன் எவ்வளவு நல்லவனாயினும் வாசலில் நின்றுதான் எடுப்பான். படத்தின் கோணம் என்று கலைஞர்கள் பேசுவது இங்கே வெறும் அழகு பற்றிய பேச்சாக இல்லை. யார் எங்கே நிற்க அனுமதிக்கப்பட்டவர் என்ற கேள்வியே கோணமாகிறது.

அரபு இலக்கியம் பயின்றோர்க்கு இது புதிய கேள்வியன்று. ஹிஜ்ரி 255இல் மறைந்த பஸராவின் பேரறிஞர் அல்ஜாஹிழ், வெள்ளையரை விடக் கறுப்பினத்தார் பெருமை பெற்றவர் என்று வாதிடும் தனி நூலே எழுதினார். கூர்மையும் நகைச்சுவையும் மிக்க நூல். அக்கால அரபுச் செருக்கை அது நன்றாகவே குத்திற்று. என்றாலும் அதில் பேசுவது ஜாஹிழின் சாதுரியம். அவருக்கு முன்னூறு ஆண்டுகட்கு முன் வாழ்ந்த அன்தரா இப்னு ஷத்தாதை எடுத்துக்கொள்வோம். அபிசீனிய அடிமைத் தாய்க்குப் பிறந்தவன் என்பதால் தந்தையே மகனென்று ஏற்க மறுத்த கவிஞன் அவன். முஅல்லகாத் என்னும் புகழ்பெற்ற கவிதைத் தொகுதியில் அவனுடைய கவிதையும் இடம்பெற்றிருக்கிறது. எங்கள் ஓதற்காலத்தில் உஸ்தாது அக்கவிதையைச் சொல்லிக் கொடுத்தபோது இலக்கணத்தில் தான் கவனம் சென்றது. அதன் உள்ளிருந்த வலி பின்னரே புலப்பட்டது. ஜாஹிழைப் படித்தால் வாதம் புரிகிறது. அன்தராவைப் படித்தால் ஒரு மனிதன் எதிரே வந்து நிற்கிறான்.

நபித்தோழர் அபூதர் (ரலி) அவர்களைப் பற்றிப் புகாரியில் வரும் செய்தி நம் வீடுகளில் பலரும் அறிந்ததே. ஒருவரை அவருடைய தாயின் பிறப்பைச் சுட்டி அவர் இழித்துப் பேசிவிட்டார். அறியாமைக் காலத்தின் எச்சம் அவரிடம் இருப்பதாக நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கண்டித்தார்கள். பிற்காலத்தில் ரபதா என்னும் ஊரில் அபூதரைக் கண்ட ஒருவர், அவரும் அவருடைய பணியாளும் ஒரே வகை ஆடை அணிந்திருக்கக் கண்டு வியந்து காரணம் கேட்கிறார். அப்போதுதான் இந்த வரலாறு வெளிவருகிறது. கேட்டவர் முதலில் கண்டது ஆடையை. அபூதர் தம் மனமாற்றத்தைப் பேசித் திரியவில்லை. நாள்தோறும் ஊரார் கண்ணில் படும்படி உடுத்தினார். இன்றைய மணிக்கட்டுக் கயிற்றுக்கு நேர் எதிரான சின்னம் அது: பிரித்துக் காட்டும் சின்னம் ஒன்று, பிரிக்க இயலாதபடி ஆக்கும் சின்னம் மற்றொன்று.

நான் வாழும் வெம்பக்கோட்டை வட்டத்துத் தாயில்பட்டியும் சுற்றியுள்ள சிவகாசிப் பகுதியும் படங்களின் தாயகம். 1922இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பினர். தீப்பெட்டிக்கு ஒட்டுப்படம் வேண்டியிருந்ததால் அச்சுத் தொழிலும் உடன் வளர்ந்தது. நாடெங்கும் சுவரில் தொங்கும் நாட்காட்டிகளில் பெரும்பகுதி இங்கே அச்சாகிறது. அந்த நாட்காட்டிக் குழந்தையின் கன்னம் எப்போதும் ரோஜா நிறம். பட்டாசுப் பெட்டியின் மேலட்டையில் சிரிக்கும் பிள்ளைக்கும் அதே நிறம். உள்ளே இருக்கும் சரவெடியைப் பின்னிய பெண்ணின் முகமோ, அலுமினியப் பொடி படிந்து வெள்ளிபோல் மின்னும் கையோ எந்த அட்டையிலும் வருவதில்லை. எந்த நிறம் கொண்டாட்டத்துக்கு உரியது என்ற பாடத்தை எங்கள் ஊர்ப் பிள்ளைகள் கயிறு கட்டும் வயதுக்கு முன்பே, விற்பனைக்குப் போகும் பெட்டியிலிருந்து கற்றுவிடுகின்றனர். பழனிக்குமாரைப் போன்ற ஒருவர் இங்கே பத்துப் பிள்ளைகளிடம் படப்பெட்டியைக் கொடுத்தால் வரக்கூடிய படங்களை எண்ணிப் பார்க்கிறேன். ஆலைக்குள் படப்பெட்டி கொண்டுசெல்ல விதி இடம் தராது, தரவும் கூடாது. தீப்பொறி ஒன்று போதும் என்பதை எங்கள் பகுதி பலமுறை கண்டிருக்கிறது. ஆனால் மாலையில் ஆலை வண்டியிலிருந்து இறங்கி வீடு திரும்பும் தாயைப் படமெடுக்க எந்த விதியும் தடையில்லை.

நம் சமுதாயத்துக்கு வருவோம். சாதி நம்மிடம் இல்லை என்பது மேடைப் பேச்சில் உண்மை. திருமணப் பேச்சில் அவ்வளவாக உண்மையன்று. நாவிதத் தொழில் செய்த ஒஸ்தா குடும்பத்தில் எத்தனை வீடுகள் பெண் எடுத்தன, பெண் கொடுத்தன? 1981இல் மீனாட்சிபுரத்தில் இஸ்லாத்தைத் தழுவியோரை வரவேற்கச் சென்ற ஊர்திகள் பல. சம்பந்தம் பேசச் சென்றவை எத்தனை? இதைப் பகை கொண்டோர் சொன்னால் மறுக்கலாம். தோப்பில் முகமது மீரான் சொன்னார். 'ஒரு கடலோர கிராமத்தின் கதை' 1988இல் நூலாவதற்கு முன் 'முஸ்லிம் முரசு' இதழில் தொடராக நம் வீடுகளுக்குள்தான் முதலில் வந்தது. வடக்கு வீட்டு அகமதுக்கண்ணு முதலாளியின் குடும்பப் பெருமையும், அவர்முன் பணிய மறுத்த சுறாப்பீலி வியாபாரி மஹ்மூதின் நிமிர்வும் வெளியார் புனைந்தவை அல்ல. உள்ளிருந்து எடுத்த படம். கேட்க வேண்டியவர் வீட்டு முற்றத்திலேயே அது வாசிக்கப்பட்டது. சற்று முன் குறையாகச் சொன்னேனே, கயிறு கட்டிய பையன் கூட்டத்தில் இல்லை என்று. மீரானின் கூட்டத்தில் அவன் இருந்தான்.

நம் கல்லூரிகளில் மீலாது விழாவுக்கு நாடகம் போடும் மாணவர்கள் உண்டு. அவர்களுக்குப் பயிற்சி தரும் பேராசிரியர்கள் இந்நாவலின் சில காட்சிகளை எடுத்துக்கொள்ளலாம். வேடங்களைப் பங்கிடும்போது, பெரிய வீட்டுப் பிள்ளைக்கு மஹ்மூதின் வேடத்தையும், ஒஸ்தா வீட்டுப் பிள்ளைக்கு வடக்கு வீட்டு முதலாளியின் வேடத்தையும் கொடுத்து ஒத்திகை நடத்தட்டும். பெற்றோர்களை நாடக நாளன்று அழைப்பதற்கு முன்னதாக, ஒருநாள் ஒத்திகைக்கே அழைத்து உட்கார வைக்கட்டும்.